எடுத்தது ஒன்று, மறைத்தது மற்றொன்று

ஐந்து நண்பர்கள் மலையேறப் போகிறார்கள். இறங்கி வரும்போது ஒருவன் மட்டும் சற்றுப் பின்தங்குகிறான். ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவனின் கண்ணில், மழை அரித்த மண்ணுக்குள் ஏதோ மினுங்குகிறது. விரலால் கிளறிப் பார்த்தால் ஒரு சின்னச் செப்புக் குப்பி. உள்ளே ஏழெட்டுப் பொற்காசுகள். முன்னால் போன நாலு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொள்கிறான். "ஏன்டா லேட்டு?" என்கிறார்கள். "லேஸ் அவுந்துபோச்சு" என்கிறான்.

லேஸ் அவிழ்ந்தது உண்மைதான். அதனால் அவன் சொன்னது பொய் என்றும் சொல்ல முடியாது.

இவன் சுயநலக்காரனா? கேட்டவுடன் பாதிப்பேர் "இதிலென்ன சந்தேகம்" என்பார்கள். மீதிப்பேர் "அவன் கண்ணில் பட்டது, அவன் எடுத்தான், மற்றவர்களுக்கு இதில் என்ன வேலை?" என்பார்கள். இந்த இரண்டாவது கட்சியை நான் லேசில் தள்ளிவிட மாட்டேன். அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒரு இடத்தில் தவறுகின்றன என்று நினைக்கிறேன். அவன் செய்தது ஒரு காரியமில்லை, இரண்டு. காசை எடுத்துக்கொண்டான்; அதைச் சொல்லாமல் மறைத்தான். இரண்டும் ஒரே நொடியில் நடந்துவிட்டதால் ஒன்றுபோலத் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால்தான் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தன் நலத்தைப் பார்ப்பதெல்லாம் சுயநலம் என்றால் பல் துலக்குவதும் சுயநலம்தான். காய்ச்சலுக்கு மாத்திரை போடுவது, பரீட்சைக்குப் படிப்பது, சம்பள உயர்வு கேட்பது எல்லாம் தனக்காகச் செய்வதுதான். இதற்காக யாரையும் யாரும் ஏசுவதில்லை. நான் பல் துலக்குவதால் பக்கத்து வீட்டுக்காரரின் பல் சொத்தையாகப் போவதில்லையே. பிறருக்குச் சேரவேண்டியதையோ, பிறர் நியாயமாக எதிர்பார்ப்பதையோ கணக்கிலேயே சேர்க்காமல் தன்னை மட்டும் பார்த்துக்கொள்ளும்போதுதான் 'சுயநலம்' வசவாகிறது. ஆக, நம் நண்பனுக்கு லாபம் கிடைத்தது என்பது மட்டும் குற்றச்சாட்டுக்குப் போதாது. யாருடைய பங்கையாவது மிதித்தானா என்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் கை தூக்குவார்: "எல்லாருமே சுயநலக்காரர்கள்தான் சார். தானம் செய்கிறவன்கூடத் தன் மனநிறைவுக்காகத்தான் செய்கிறான்." டீக்கடை முதல் வகுப்பறை வரை சலிக்காமல் ஓடும் வாதம் இது. பதில் சுருக்கமானது. அடுத்தவருக்கு நல்லது நடந்தால் எனக்கு மனம் நிறைகிறது என்றால், அவர்மேல் எனக்கு ஏற்கெனவே அக்கறை இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அக்கறையே இல்லாதவனுக்கு அந்த நிறைவு எங்கிருந்து வரும்? இங்கிலாந்தில் ஜோசப் பட்லர் என்ற பாதிரியார், 1726-இல் அச்சான தன் பிரசங்கங்களில் ஏறக்குறைய இதே பதிலைச் சொல்லியிருக்கிறார். முந்நூறு ஆண்டுகள் ஆகியும் வாதம் ஓயவில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் காசு யாருடையது?

யாரோ ஒருவர் தொலைத்தது என்றால் தொலைத்தவருடையது. அதில் விவாதமே இல்லை. அவர் யார் என்று தெரியாதபோதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பழங்காலப் புதையல் என்றால் பல நாடுகளில் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். நிலத்துக்காரருக்கும் உரிமை இருக்கலாம். ஆகவே நம் நண்பன் நாலு பேரிடம் மட்டுமல்ல, இன்னும் சிலரிடமும் மறைத்திருக்கிறான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நண்பர்களுக்குள் வருவோம்.

கண்டெடுத்தவனுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் வெறும் பேராசைக்காரர்களின் சாக்கு இல்லை. 1722-இல் லண்டனில் ஒரு வழக்கு. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவனுக்கு நகை ஒன்று கிடைக்கிறது. விலை கேட்கலாம் என்று பொற்கொல்லர் கடைக்குக் கொண்டுபோகிறான். எடை போடுகிற சாக்கில் கடைப் பையன் கற்களைக் கழற்றிக்கொள்கிறான். ஒன்றரைப் பென்னி தருகிறோம் என்கிறார்கள். சிறுவன் மறுத்துவிட, கல் இல்லாத வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நீதிமன்றம் சிறுவன் பக்கம் நின்றது. நிஜமான உரிமையாளரைத் தவிர வேறு யார் வந்தாலும், கண்டெடுத்தவனின் உரிமையே பெரிது என்றது. சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்றும் சொல்லித்தரும் வழக்கு இது.

சரி, தனியாகப் போன சிறுவனுக்கு அது பொருந்தும். கூட்டமாகப் போனால்?

அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1896-இல் தீர்ப்பானது. ஐந்து சிறுவர்கள் ரயில் தண்டவாளத்தின் ஓரமாகப் போகிறார்கள். இருப்பதிலேயே சின்னப் பையன், எதையோ திணித்துக் கட்டிய பழைய காலுறை ஒன்றைப் பொறுக்குகிறான். உள்ளே என்ன என்று யாரும் பார்க்கவில்லை. அது விளையாட்டுச் சாமானாகிவிடுகிறது. சுழற்றுகிறார்கள், ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள், கைக்குக் கை மாறுகிறது. ஆட்டத்தின் நடுவே காலுறை கிழிகிறது. உள்ளே 775 டாலர்!

முதலில் பொறுக்கியவனுக்கா? கிழிந்தபோது கையில் வைத்திருந்தவனுக்கா? நீதிமன்றம் பார்த்த விதம் அழகானது. பொறுக்கியபோது அந்தப் பையன் பணத்தைக் 'கண்டெடுக்கவில்லை', ஒரு பழைய காலுறையைத்தான் எடுத்தான். பணம் கண்ணுக்குத் தெரிந்தபோது அது ஐந்து பேரின் பொது விளையாட்டுப் பொருளாக இருந்தது. எனவே ஐந்து பேரும் கண்டெடுத்தவர்கள். ஐந்து சம பங்கு.

இந்தத் தீர்ப்பை நம் மலைப்பயணத்துக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது. குப்பியை மற்ற நால்வரும் தொடவே இல்லை. ஆனால் ஒரு கேள்வியை அது நமக்குக் கற்றுத்தருகிறது: கண்டெடுத்த கணத்தில் அந்தக் கூட்டம் எப்படிப்பட்ட கூட்டமாக இருந்தது?

ரயிலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவரும் சகபயணிதான். நடைமேடையில் எனக்கு ஒரு நாணயம் கிடைத்தால் அவருக்குப் பங்கு தரவேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மறுகோடியில், புதையல் தேடுவதற்கென்றே சேர்ந்து கிளம்பியவர்கள். செலவைப் பங்கிட்டிருக்கிறார்கள், ஆபத்தைப் பங்கிட்டிருக்கிறார்கள், ஒருவர் தூங்க ஒருவர் காவல் இருந்திருக்கிறார். 'கிடைப்பதில் எல்லாருக்கும் பங்கு' என்று வாயால் பேசிக்கொள்ளாவிட்டாலும் அது பேசியதற்குச் சமம். அந்தக் கூட்டத்தில் ஒருவன் கமுக்கமாக ஒரு காசை ஒதுக்கினால் அது சுயநலம் என்பதுகூடக் குறைச்சலான சொல். மோசடி என்பதே சரி. நம் ஐந்து பேர் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறார்கள். நண்பர்கள், ஆனால் புதையலுக்காகக் கிளம்பியவர்கள் இல்லை.

சேர்ந்து உழைத்தால் சேர்ந்து பங்கு என்ற உணர்வு நமக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 2011-இல் நேச்சர் இதழில் வெளியானது. மூன்று வயதுக் குழந்தைகள் இரண்டிரண்டு பேராகக் கயிறு இழுத்துப் பரிசுகளைத் தங்கள் பக்கம் வரவழைக்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு குழந்தைக்கு மூன்றும் மற்றதற்கு ஒன்றும் போகும்படி அமைத்திருந்தார்கள். இருவரும் சேர்ந்து இழுத்து வந்த பரிசு என்றால், மூன்று கிடைத்த குழந்தை ஒன்றை எடுத்து மற்றதிடம் கொடுத்துச் சமமாக்குவது அதிகமாக நடந்தது. உழைக்காமல் வந்த பரிசிலோ, தனித்தனியாக இழுத்ததிலோ அவ்வளவு பகிரவில்லை. சிம்பன்சிகளிடம் சேர்ந்து உழைத்ததால் இப்படி ஒரு மாற்றம் வரவில்லை. பள்ளிக்கூடமே போகாத குழந்தைக்கு இது தெரிந்திருக்கிறது. ஆகவே வளர்ந்தவர்கள் "எனக்குத் தோன்றவே இல்லை" என்று சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

சரி, இதுவரை பார்த்தது 'எடுத்தல்'. அதில் தீர்ப்பு கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். மலையில் ஏழெட்டுக் காசு கண்டெடுத்தவன், "டேய், இது என் கண்ணில் பட்டது, நானே வைத்துக்கொள்கிறேன்" என்று நாலு பேர் முன் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவன் முறைத்திருப்பான். ஒருவன் "ட்ரீட் வை" என்றிருப்பான். இன்னொருவன் "நான் கூப்பிடலன்னா நீ வந்தே இருக்க மாட்ட" என்று பங்கு கேட்டிருப்பான். கஞ்சன் என்ற பெயர் வந்திருக்கலாம். ஆனால் பேச ஒரு இடம் இருந்திருக்கும்.

மறைத்தல் அந்த இடத்தையே எடுத்துவிடுகிறது. என் பார்வையில் விஷயத்தின் மையம் இதுதான்.

இதை ஒரு நீதிபதி மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நியூயார்க்கில் இரண்டு கூட்டாளிகள். 1902-இல் ஒரு ஹோட்டல் கட்டடத்தை இருபது வருடக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். ஒருவர் பணம் போட்டவர், மற்றவர் தொழிலை நடத்தியவர். குத்தகை முடியப்போகும் 1922-இல், நிலச் சொந்தக்காரர் நடத்துகிறவரிடம் இன்னும் பெரிய திட்டத்தோடு வருகிறார். அவர் கூட்டாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் புதுக் குத்தகையைத் தன் நிறுவனத்தின் பெயரில் வாங்கிவிடுகிறார். வழக்கு நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 1928-இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் பெஞ்சமின் கார்டோசோ. ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கூட்டாளிக்கு இருந்ததாக அவர் சொல்லவில்லை. தவறு எங்கே என்றால், போட்டி போடும் வாய்ப்பே மற்றவருக்குக் கிடைக்காமல் செய்ததுதான் என்றார். முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்திருந்தால் அதன்பின் அவருக்குக் கடமை உண்டா இல்லையா என்பதை நாங்கள் தீர்மானிக்கத் தேவையில்லை என்றும் எழுதினார். அதாவது, சொல்லிவிட்டு எடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். நீதிபதிகள் நான்குக்கு மூன்று என்று பிரிந்தார்கள். எனவே மறுபக்கத்துக்கும் ஆள் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் இந்த நுட்பம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. களவு என்றால் திருட்டு. சங்க இலக்கியத்தில் அதே களவு, ஊருக்குத் தெரியாமல் இருவர் கொள்ளும் காதலுக்கும் பெயர். அங்கே யாருடைய பொருளையும் யாரும் எடுக்கவில்லை. பொதுவாக இருப்பது மறைவு மட்டும்தான். கள்ளம், கள்ளன், களவு எல்லாம் ஒரு குடும்பத்துச் சொற்கள். கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் 'கள்ளத்தால் கள்வேம்' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். திருட்டைத் திருட்டாக்குவது பொருள் இடம் மாறியது மட்டுமில்லை, யாருக்கும் தெரியாமல் மாறியதும்தான் என்று மொழி நினைவு வைத்திருக்கிறது.

கிரேக்கத்தில் பிளேட்டோ சொல்லும் பழைய கதை ஒன்றும் இங்கே ஞாபகம் வருகிறது. ஓர் இடையன். நிலநடுக்கத்தில் பூமி பிளக்கிறது. உள்ளே இறங்கிப் பார்த்தால் வெண்கலக் குதிரை, அதற்குள் ஒரு பிணம், பிணத்தின் விரலில் தங்க மோதிரம். எடுத்துப் போட்டுக்கொள்கிறான். அதன்பின் இடையர்கள் கூடும் கூட்டத்துக்குப் போகிறான். உட்கார்ந்திருக்கும்போது மோதிரத்தின் முகப்பை உள்பக்கம் திருப்ப, மற்றவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாதவன் ஆகிவிடுகிறான். அவன் எழுந்து போய்விட்டான் என்று நினைத்து அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பிறகு அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடிக்கிறான். எல்லாரும் இந்தக் கடைசிப் பகுதியைத்தான் விவாதிப்பார்கள்: அகப்படமாட்டோம் என்று தெரிந்தால் யார் யோக்கியமாக இருப்பார்கள் என்று. எனக்கு அந்தக் கூட்டம்தான் கண்ணில் நிற்கிறது. கூடவே உட்கார்ந்திருக்கிறான், ஆனால் அவர்களைப் பொறுத்தவரை அவன் அங்கே இல்லை. பையில் குப்பியை வைத்துக்கொண்டு நண்பர்களின் ஜோக்குக்குச் சிரித்தபடி இறங்குகிறவனும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்கிறான். மந்திர மோதிரம்கூடத் தேவையில்லை.

சரி, மனிதர்கள் ஏன் மறைக்கிறார்கள்? பேராசையால் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது முழுசாகச் சரியில்லை. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்களிடம் 10 டாலர் கொடுத்து, முன்பின் தெரியாத இன்னொருவரோடு எப்படி வேண்டுமானாலும் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். முழுவதையும் தானே வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. பிறகு இன்னொரு வழியும் காட்டினார்கள்: 9 டாலரை வாங்கிக்கொண்டு விலகிவிடலாம்; அப்படியொரு பணம் இருந்ததே அந்த மற்றவருக்குத் தெரியவராது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் விலகினார்கள். கணக்குப்படி இது பைத்தியக்காரத்தனம். பேராசைக்காரன் 10-ஐ வைத்துக்கொள்ளலாம். தாராளக்காரன் பாதி கொடுக்கலாம். 9-ஐ வாங்க யாருக்கும் காரணமில்லை. ஆனாலும் வாங்கினார்கள். ஒரு டாலர் கொடுத்து மற்றவரின் எதிர்பார்ப்பை, 'எனக்கு ஏன் தரவில்லை?' என்ற பார்வையை, வராமல் தடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே மறைக்கிறவனுக்கு நண்பர்கள்மேல் அக்கறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல சமயம் அக்கறை இருப்பதால்தான் மறைக்கிறான். அவர்கள் முகம் கோணுவதைப் பார்க்க அவனால் முடியாது. காசும் வேண்டும், நல்லவன் என்ற பெயரும் வேண்டும். இப்படிப் பார்த்தால் மறைப்பவன் இரண்டு பொருளை எடுத்துக்கொள்கிறான்: ஒன்று காசு, இன்னொன்று, உண்மை தெரிந்திருந்தால் அவர்கள் தந்திருக்கமாட்டாத அந்த நம்பிக்கை. இரண்டாவது சுயநலம் முதலாவதைவிடக் கனமானது என்பது என் கருத்து. காசையாவது பிறகு பங்கிடலாம்.

மறைப்பதெல்லாம் சுயநலம் என்றும் கிளம்பிவிடக் கூடாது. கூட்டத்தில் ஒருவன் கடன்காரன், இரவோடு இரவாகக் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியவன் என்று தெரிந்தால், கீழே இறங்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம். கடலில் தத்தளிக்கும் படகில் ஒருவர் கடைசிக் குடிநீர்ப் பாட்டிலை ஒளித்துவைத்து, மூன்றாம் நாள் எடுத்து எல்லாருக்கும் ஊற்றினால் அவரைக் கும்பிடத் தோன்றும். வழிச்சண்டை வேண்டாம் என்று தள்ளிப்போடுகிறவரும் உண்டு. இவர்களை எப்படி வேறுபடுத்துவது? மனதுக்குள் புகுந்து நோக்கத்தைப் பார்க்க நம்மால் முடியாது. ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் 1795-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குப் பயன்படும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் பின்னணிக் கொள்கையை வெளியே சொன்னால் அந்தச் செயலே நடக்காமல் போய்விடும் என்றால், அது நியாயமற்றது என்கிறார். அவர் அரசுகளைப் பற்றிப் பேசினார். நமக்கும் அது உதவும். படகுக்காரர் முதல் நாளே, "ஒரு பாட்டிலை எங்கோ வைத்திருக்கிறேன், மூன்றாம் நாள் தருவேன்" என்று சொல்லியிருந்தாலும் அவர் திட்டம் உடையாது. இடத்தை மட்டும் மறைத்தால் போதும். "எனக்கே வேண்டும் என்பதால் உங்களிடம் சொல்லவில்லை" என்பதை மலையிறங்கும் நண்பன் உரக்கச் சொல்ல முடியுமா? சொன்ன அடுத்த நிமிடம் திட்டம் காலி.

சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற பயமும் எப்போதும் சரியாவதில்லை. 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்சன் கிராமத்தில் ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். நண்பர் ஒருவர் உலோகம் கண்டறியும் கருவியோடு தேட வந்தார். சுத்தியலுக்குப் பதிலாக ரோமானியர் காலத்துப் புதையல் சிக்கியது. எண்ணியபோது சுமார் 15,000 காசுகள். கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தெரிவித்தார்கள். தொல்லியலாளர்கள் வந்து மீதியை முறையாகத் தோண்டினார்கள். வெகுமதியாகக் கிடைத்தது 17.5 லட்சம் பவுண்டு. கண்டெடுத்தவர் அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் பிறகு கிடைத்தது. அது இப்போது புதையலோடு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லாருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. சொன்னால் பங்கு குறையத்தான் செய்யும். அது வேறு, நம் ஆள் ஏற்கெனவே மறைத்துவிட்டான். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இனிமேல் சொன்னால் "அப்பவே ஏன் சொல்லல?" என்பார்களே என்று தயங்குகிறான். ஒவ்வொரு அரை மணிக்கும் அந்தக் கேள்வி கனத்துக்கொண்டே போகிறது. முதல் பத்து நிமிடத்தில் குப்பியைப் பற்றி மட்டும் பேசினால் போதும். இரவு தங்குமிடத்துக்குப் போனபின் குப்பியையும் பேச வேண்டும், நாள் முழுக்க வாய் திறக்காததையும் பேச வேண்டும்.

தாமதமாகச் சொன்னவர்களின் கதை பைபிளில் இருக்கிறது, இராஜாக்களின் இரண்டாம் புத்தகத்தில். சமாரியா நகரம் முற்றுகையில் பட்டினி கிடக்கிறது. வாசலில் நான்கு குஷ்டரோகிகள். எப்படியும் சாவுதான் என்று எதிரிப் பாளயத்துக்குப் போகிறார்கள். அங்கே ஆளே இல்லை, படை ஓடிவிட்டது. ஒரு கூடாரத்துக்குள் புகுந்து சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள். வெள்ளியையும் பொன்னையும் துணிகளையும் கொண்டுபோய் ஒளித்துவைக்கிறார்கள். திரும்பி வந்து அடுத்த கூடாரத்திலும் அதேபோல. அதன்பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்து, நாம் செய்வது சரியில்லை, இவ்வளவு நல்ல செய்தியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோம் என்கிறார்கள். விடியும்வரை காத்திருந்தால் நமக்குக் கேடு வரும் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். கொஞ்சம் மனச்சாட்சி, கொஞ்சம் பயம். அன்றிரவே போய் வாசல் காவலாளியைக் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். ஊர் பிழைக்கிறது.

முதல் இரண்டு கூடாரங்களிலிருந்து எடுத்து ஒளித்துவைத்தார்களே, அந்தப் பொன்னும் வெள்ளியும் பிறகு என்ன ஆயின என்று மட்டும் கதையில் இல்லை.